ப்ரைலி எக்ஸ்டெண்டெட் சோக் ட்யூப்: ரெண்டு வருஷம் சுட்டப்பறம் எழுதற ரிவ்யூ

ஹூஸ்டன் வந்து எட்டு வருஷம் ஆச்சுங்க, அதுல கடைசி மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல ஸ்போர்ட்டிங் கிளேஸ், அதாவது மெஷின் வீசற தட்டைச் சுட்டு உடைக்கற விளையாட்டு, சுடப் போயிட்டிருக்கேன். துப்பாக்கி பழைய பெரெட்டா 686, மேல ஒரு பேரல் கீழ ஒரு பேரல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பேரல் வாயில மொபில்சோக்னு ஒரு வகை மரை. இதுக்கு ப்ரைலி கம்பெனியோட ஸ்பெக்ட்ரம் எக்ஸ்டெண்டெட் சோக் ட்யூப், அதாவது ஷாட்கன் பேரல் வாயில திருகி மாட்டற, முனை வெளிய நீட்டிட்டிருக்கற சின்னக் குழாய், மூணு வாங்கி ரெண்டு வருஷம் முடிஞ்சுது. வாங்கின வாரமே எழுதியிருக்கலாம், ஆனா சோக் ட்யூப் பத்தி முதல் வாரத்துல சொல்ல ஒன்னுமே கிடையாது. புதுசா இருக்கறப்ப எல்லா ட்யூபும் நல்லாத்தான் உள்ள போகும், நல்லாத்தான் வெளிய வரும். ஆயிரக்கணக்குல தோட்டா போய், இந்த ஊர் வேர்வைக் கோடை ரெண்டைத் தாண்டினதுக்கப்பறம் எப்படிக் கழளுதுன்னு பாத்தாத்தான் அதோட லட்சணம் தெரியும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். நீட்டு ட்யூப் போட்டா தட்டு நிறைய உடையும்னு நினைச்சு வாங்காதீங்க, அந்த வித்தியாசம் என்னை மாதிரி ஆளுக்குத் தெரியவே தெரியாது. விரலாலயே கழட்டலாம், அதனால அடிக்கடி கழட்டுவீங்க, அடிக்கடி கழட்டித் துடைச்சா மரை கெடாது, மரை கெடலைன்னா பேரல் கெடாது. அதுக்காக வாங்குங்க.

சோக்னா என்னன்னு தெரியாதவங்க இருப்பீங்க, கொஞ்சம் சொல்லிடறேன். ஷாட்கன்ல ஒத்தைக் குண்டு கிடையாது, ஒரு தோட்டாக்குள்ள பொடிப்பொடியா ரவை இருக்கும், எட்டாம் நம்பர் ரவை 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் தோட்டான்னா சுமார் 410 ரவை. பேரலை விட்டு வெளிய வந்ததும் அதெல்லாம் பரவ ஆரம்பிக்கும், பேரல் வாயைக் கொஞ்சூண்டு ஒடுக்கிவிட்டா பரவறது தாமதமாகும். அந்த ஒடுக்கம்தான் சோக். 12 போர் பேரலோட உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் கிட்ட. இம்ப்ரூவ்டு சிலிண்டர் ட்யூப் அதை கால் மில்லிமீட்டர் ஒடுக்கும், மாடிஃபைடு அரை மில்லிமீட்டர், ஃபுல் ஒரு மில்லிமீட்டர் பக்கம் வரும். அவ்வளவுதான், மொத்தக் கதையும் ஒரு மில்லிமீட்டருக்குள்ள முடிஞ்சிருது. ஆனா 40 கஜ தூரத்துல 30 இன்ச் வட்டம் ஒன்னு வரைஞ்சு சுட்டுப் பாத்தா, ஒடுக்கமே இல்லாத சிலிண்டர்ல நூத்துக்கு நாப்பது ரவை வட்டத்துக்குள்ள விழும், இம்ப்ரூவ்டு சிலிண்டர்ல அம்பது, மாடிஃபைடுல அறுபது, ஃபுல்லுல எழுபது. இது பொதுவான கணக்கு, தோட்டாவுக்குத் தோட்டா மாறும்.

இதை அம்மாகிட்ட ஃபோன்ல விளக்கறதுக்கு நான் முக்கிட்டு இருந்தப்ப அவங்களே சொன்னாங்க, "நம்ம முறுக்கு நாழி மாதிரியா, வில்லையை மாத்தினா தேன்குழலு, இன்னொன்னு போட்டா ஓமப்பொடி?" அப்படின்னு. அதேதாங்க. ஒரே பேரல், வாயில போடற ட்யூபை மாத்தினா சுடற விதம் மாறிடுது. அந்தத் திருகற பித்தளை நாழியை மாவோட அப்படியே ரெண்டு நாள் வச்சா என்ன ஆகும்னு வீட்டுல பலகாரம் சுட்டவங்களுக்குத் தெரியும், மரைல மாவு காஞ்சு இறுகி ஆம்பளை கையாலயும் திறக்க முடியாது. துப்பாக்கியிலயும் அதேதான் நடக்குது, மாவுக்குப் பதிலா கரியும் உருகின பிளாஸ்டிக்கும்.

முன்ன எல்லாம் இந்த வசதியே இல்ல. சோக் பேரல்லயே நிரந்தரமா கடைஞ்சிருக்கும், வாத்துக்கு ஒரு பேரல், காடைக்கு ஒரு பேரல்னு தனித்தனியா வாங்கணும். 1969-ல வின்செஸ்டர் கம்பெனி வின்சோக்னு திருகி மாட்டற ட்யூபைக் கொண்டுவந்தாங்க, அதுக்கப்பறம் ஆளாளுக்கு ஒரு மரை போட்டுட்டாங்க. பெரெட்டாவுல மொபில்சோக், ஆப்டிமா, ஆப்டிமா ஹெச்பி, ப்ரௌனிங்ல இன்வெக்டர், இன்வெக்டர் ப்ளஸ், இன்வெக்டர் டிஎஸ், ரெமிங்டன்ல ரெம்சோக், பெனெல்லியில க்ரியோ. பேரு ஒட்டி ஒட்டி இருக்கும், ஒன்னுக்கொன்னு சேராது. இன்வெக்டர் ட்யூபை இன்வெக்டர் ப்ளஸ் பேரல்ல போடக்கூடாது, ப்ளஸ் பேரலோட துளையே பெருசு. புதுசா வாங்கறவங்க நிறைய பேரு வழுக்கறது இங்கதான். நானும் முதல்ல ஆன்லைன்ல ஒரு பேர் தெரியாத விற்பனைக்காரர்கிட்ட "பெரெட்டாவுக்கு" அப்படின்னு மொட்டையா போட்டிருந்த ட்யூபை விலை கம்மின்னு ஆர்டர் பண்ணேன், வந்ததைப் பாத்தா ஆப்டிமா சைஸு, என் பேரல்ல ரெண்டு மரைக்கு மேல போகவே இல்ல. அன்னைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தி சுத்தியிருந்தா பேரல் மரையே போயிருக்கும். அதனால வாங்கறதுக்கு முன்ன பேரலைக் கழட்டி பக்கவாட்டுல என்ன பொறிச்சிருக்குன்னு படிங்க, படிக்க முடியலைன்னா ஏற்கெனவே உள்ள இருக்கற ட்யூபை எடுத்துட்டுப்போய் கடையில காட்டுங்க. "பெரெட்டா" மட்டும் சொன்னாப் பத்தாது.

இப்ப எனக்கு இந்த விஷயத்துல இவ்வளவு அக்கறை எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்.

துப்பாக்கி வாங்கின கடையோட பேரு வேண்டாம். பெட்டியோட குடுத்தாங்க, உள்ள அஞ்சு ட்யூப் இருக்கணும், மூணு பெட்டியில, ரெண்டு பேரல்ல. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்க, நானும் பேரல் உள்ளுக்குள்ள பளபளன்னு இருக்கறதைப் பாத்து சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டேன். ட்யூபோட வாயோரத்துல சின்னச்சின்ன வெட்டு இருக்கும்ல, அதுதான் அடையாளம், ஒரு வெட்டு இருந்தா ஃபுல், ரெண்டுன்னா இம்ப்ரூவ்டு மாடிஃபைடு, மூணு மாடிஃபைடு, நாலு இம்ப்ரூவ்டு சிலிண்டர், அஞ்சு இருந்தா சிலிண்டர், அதாவது வெட்டு குறையக்குறைய இறுக்கம் ஜாஸ்தி. கீழ்பேரல்ல ரெண்டு வெட்டு. கிட்டக்க வர்ற தட்டுக்கு அது ரொம்ப இறுக்கம், மாத்தலாம்னு ட்யூப் கழட்டற சாவியை அந்த வெட்டுல வச்சுத் திருப்பினேன், அசையல. டார்ச் அடிச்சுப் பாத்தா வெட்டோட ஓரமெல்லாம் மழுங்கிக்கிடக்கு, எனக்கு முன்னாடி யாரோ முயற்சி பண்ணி, வழுக்கி, கைவிட்டிருக்காங்க. கடைக்குப் போன் பண்ணா, வித்ததை வித்தாச்சுங்கற மாதிரி பதில். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

கோயமுத்தூர் கணபதியில எங்கப்பா முப்பது வருஷம் லேத் பட்டறை வச்சிருந்தாங்க, பம்ப்செட் சாமான் கடையறது. வீடியோ கால்ல பேரல் வாயைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுட்டு கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"எண்ணெய் விட்டியா கண்ணு?"

"விட்டேன்ப்பா, ஒரு மணி நேரம் வச்சேன்."

"ஒரு மணி நேரம் பத்தாது. நாள்கணக்குல ஊறணும். மரைக்கிட்ட பலத்தைக் காட்டாத சாமி, அது உன்னைவிட அழுத்தம். தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா குடுத்துரு."

குடுத்தேன். ஊருக்கு வெளிய ஒரு மணி நேரம் போகணும், வயசான வெள்ளைக்காரர், வீட்டுப் பின்னாடி தகர ஷெட்டுல துப்பாக்கி ரிப்பேர் பண்றவர். பேரலைக் கையில வாங்கினதும் சுத்தியலையோ வைஸையோ தேடல, ஒரு கண்ணாடி ஜாடியில துரு இளக்கற எண்ணெயை நாலு விரல்கட்டை ஊத்தி பேரலை வாய் கீழ இருக்கற மாதிரி நிறுத்திட்டு, நாலு நாள் கழிச்சு வான்னு அனுப்பிட்டார். நாலு நாள் கழிச்சு நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். வெட்டுல இம்மி இடைவெளி இல்லாம உக்கார்ற மாதிரி அவரே அராவி வச்சிருந்த சாவி ஒன்னு, அது நழுவாம இருக்க மேல ஒரு கட்டையை வச்சு அழுத்தம். சூடு காத்து அடிக்கற மெஷின்ல பேரல் வாயைக் கொஞ்சமா சூடு பண்ணார், கை வச்சா பொறுக்கற சூடுதான், ரொம்ப சூடு ஏறினா ரெண்டு பேரலையும் சேத்துப் பிடிச்சிருக்கற ஈயப்பத்து இளகிரும்னு சொன்னார். அதைக் கேட்டப்பத்தான் வீட்டுல கேஸ் டார்ச் வச்சு முயற்சி பண்ணலாம்னு நான் நினைச்சிருந்தது ஞாபகம் வந்து பகீர்னு ஆச்சு. மொத்தம் மூணு தடவை சூடு, மூணு தடவை திருப்பல். மூணாவது தடவை டக்னு ஒரு சத்தம், வறண்ட சுள்ளி ஒடியற மாதிரி. அப்பறம் அவர் கை மெதுவா சுத்துச்சு, ஒவ்வொரு மரையும் கரகரன்னு கரைஞ்சுக்கிட்டே வெளிய வந்துச்சு.

அந்த ட்யூபை இன்னமும் மேஜை மேல வச்சிருக்கேன். மரைப்பள்ளம் முழுக்க கறுப்பா கெட்டியா ஒரு படிவம், நகத்தால கீறினா வராது, அதுக்கு நடுவுல செங்கல் கலர்ல துரு. பேரல் பக்கம் மரை தப்பிச்சுது, கடைசி மரைல மட்டும் ஒரு இடத்துல சின்ன அரிப்பு. பத்து வருஷமாவது யாரும் கழட்டியிருக்க மாட்டாங்கன்னு அவர் சொன்னார். அவர் வாங்கின கூலியை விட நூறு மடங்கு பெறுமதியான வேலை, அந்தப் பொறுமைக்கே குடுக்கலாம்.

அவர்தான் சொன்னார், இனிமே நீ நீட்டு ட்யூப் போடு, மாசம் ஒருதடவை இல்ல, ஒவ்வொரு தடவை சுட்டப்பறமும் கழட்டுன்னு. அப்படித்தான் ப்ரைலிக்குப் போனேன். இதே ஹூஸ்டன்ல இருக்கற கம்பெனி, 1976-ல ஆரம்பிச்சது, சோக் ட்யூபுக்குன்னே பேரெடுத்தவங்க, மத்த கம்பெனி துப்பாக்கிக்கெல்லாம் அந்தந்த மரைக்குத் தகுந்த மாதிரி கடைஞ்சு தருவாங்க. நான் வாங்கினது ஸ்கீட் ஒன்னு (சிலிண்டருக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கும் நடுவுல), இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஒன்னு, லைட் மாடிஃபைடு ஒன்னு (இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கும் மாடிஃபைடுக்கும் நடுவுல). விலை சல்லிசுன்னு சொல்லமாட்டேன், நான் வாங்கினப்ப இந்த மாதிரி நல்ல ட்யூப் ஒன்னு எழுபது எண்பது டாலர்ல இருந்து ஆரம்பிச்சுது, மூணு வாங்கினா வீட்டுல பதில் சொல்லணும்.

கையில வாங்கினதும் முதல்ல பாத்தது மரையைத்தான், லேத் பட்டறை ரத்தம். கண்ணுக்கு நேரா வச்சு வெளிச்சத்துல உருட்டிப் பாத்தா மரை முனை எல்லாம் ஒரே உயரம், பிசிறு இல்ல, முதல் மரை ஆரம்பிக்கற இடத்துல கூரா நீட்டிட்டு இல்லாம நீவி விட்டிருக்கு. அந்த ஆரம்ப முனை கூரா இருந்தாத்தான் கோணல் மரை விழும். உள்பக்கமும் பாத்தேன், ரவை நுழையற பின்வாய் மெல்லிசா, சீரா, வட்டமா இருக்கணும், அது பேரல் துளையை விட இம்மி அகலமாத்தான் இருக்கணும். குறுகலா இருந்தாலோ, ட்யூப் கோணலா உக்காந்தாலோ, வேகமா வர்ற ரவை அந்த விளிம்புல முட்டும், பேரல் உப்பிப்போறது, ட்யூப் கிழிஞ்சு பறக்கறது எல்லாம் அதுல இருந்துதான் வருது. அதனாலதான் ட்யூபைக் கீழ போட்டுட்டா அப்படியே எடுத்து மாட்டாதீங்கன்னு சொல்லுவாங்க, சிமெண்ட் தரையில பின்வாய் பட்டு இம்மி நசுங்கினாக்கூடப் போதும். நசுங்கினதை நெம்பி நிமித்தறது, அராவறது எல்லாம் வேண்டாம், அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுருங்க, எண்பது டாலர் போனாப் போகட்டும்.

மாட்டறது எப்படின்னு கேட்டா, துப்பாக்கியைத் திறந்து ரெண்டு அறையிலயும் தோட்டா இல்லைன்னு கண்ணால ஒருதடவை விரலால ஒருதடவை பாத்துட்டுத்தான் எதையும் தொடணும், பேரல் வாய்ப்பக்கம் கை போற வேலை இது, இதுல அவசரமே கூடாது. நான் பேரலைத் தனியாக் கழட்டி மடியில வச்சுக்குவேன். பழைய டூத்பிரஷ்ல பேரல் மரையைத் தேய்ச்சு துணியால துடைக்கணும். அப்பறம் அப்பா சொல்லிக்குடுத்தது, இதை எந்த மேனுவல்லயும் நான் பாக்கல. ட்யூபை உள்ள விட்டதும் உடனே முன்னாடி சுத்தாதீங்க, முதல்ல கழட்டற திசையில மெதுவா சுத்துங்க. ஒரு சுத்து முடியறதுக்குள்ள ட்யூப் இம்மி அளவு உள்ள இறங்கும், டிக்னு விரல்ல தெரியும், சத்தம்கூட வரும். அந்த இடம்தான் ரெண்டு மரையோட ஆரம்பமும் நேருக்கு நேரா வந்த இடம். அங்கிருந்து மாட்டற திசையில சுத்தினா வெண்ணெய் மாதிரி போகும். ரெண்டு விரல் பலத்துல போகணும், கடைசி வரைக்கும். நடுவுல எங்க இறுகினாலும் நிறுத்திக் கழட்டிப் பாத்துருங்க, ஒரு மணல் துகள் போதும்.

முடிவுல கை இறுக்கம், அதுக்குமேல ஒரு சின்ன நிமிட்டு, அவ்வளவுதான். பைக் சக்கர நட்டு முறுக்கற மாதிரி முறுக்கினா அடுத்த தடவை சாவியோட ஓரம் மழுங்கும். மாட்டினப்பறம் பேரலோட பின்பக்கத்துல இருந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பாத்து நோக்கணும், தனியாக் கழட்டின பேரல்ல மட்டும். வாய்ப்பக்கம் வட்டத்துக்குள்ள வட்டமா நிழல் வளையம் தெரியும், எல்லாம் ஒரே மையம். எங்கயாவது பிறை மாதிரி ஒருபக்கமா கறுப்பு தெரிஞ்சா ட்யூப் நேரா உக்காரலன்னு அர்த்தம். இதுக்கு அரை நிமிஷம் ஆகும், நான் ஒரு தடவையும் விட்டதில்ல.

ட்யூப் இல்லாம வெத்து மரையோட சுடவே கூடாது, ஒரு தோட்டாகூட. மரை இருக்கற இடம் பேரல் துளையை விட அகலம், கரி, பிளாஸ்டிக், ரவை எல்லாம் நேரா மரை மேல போய் விழும், மரை போச்சுன்னா பேரல் போச்சு.

கிளே ரேஞ்சுல என்கூட சுடற காரைக்குடி அண்ணன் ஒருத்தர் இருக்கார். என்னை விட நல்லா சுடுவார், ஆனா ட்யூபை மாட்டினா சீசன் முடியற வரைக்கும் தொடமாட்டார். போன வருஷம் ஏழாவது ஸ்டேஷன்ல, அதாவது நின்னு சுடற ஏழாவது இடத்துல, அவர் சுட்டுட்டு வந்தப்ப பாத்தா அவரோட நீட்டு ட்யூபுக்கும் பேரல் வாய்க்கும் நடுவுல ஒரு ரூபாய் காசு நுழையற இடைவெளி. "அண்ணே, துப்பாக்கியைத் திறந்து வைங்க, ட்யூப் கழண்டிருக்கு"ன்னு சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போச்சு. "ஏன்டா தம்பி, இதோடவா ரெண்டு தட்டு சுட்டேன்?" ரெண்டுதானோ, இருபதோ, யாருக்குத் தெரியும். ஒவ்வொரு தோட்டாவும் ட்யூபைக் கொஞ்சம் ஆட்டும், சூடாகி ஆறி சூடாகி ஆறி இளகும். இடைவெளி விழுந்தா மருந்து எரிஞ்சு வர்ற கேஸ் ட்யூபுக்கு வெளிப்பக்கமா நுழையும், அப்பறம் என்ன ஆகும்னு சொல்லவேண்டியதில்ல. அன்னைல இருந்து ரெண்டு பேரும் ஸ்டேஷன் மாறும்போதெல்லாம் துப்பாக்கியைத் திறந்து, காலியான்னு பாத்துட்டு, ட்யூபை விரலால ஒரு திருப்பு திருப்பிப் பாக்கறோம். பேரல் வாயோட சமமா உள்ள உக்கார்ற ட்யூப்ல இதைச் செய்யணும்னா சாவியைத் தேடணும், அதனாலயே யாரும் செய்யறதில்ல. நீட்டு ட்யூபோட லாபம்னு நான் முதல்ல சொன்னது இதைத்தான்.

ஸ்பெக்ட்ரத்துல ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு கலர் வளையம். கடையில பாக்கும்போது அலங்காரத்துக்குன்னு நினைச்சேன், இல்லைங்க, எந்தப் பேரல்ல எது இருக்குன்னு ஸ்டாண்டுல சாத்தி வச்சிருக்கும்போதே தூரத்துல இருந்து தெரிஞ்சிருது, அந்த வெட்டை எண்ணறதுக்காகப் பேரல் வாய்க்கு நேரா முகத்தைக் கொண்டுபோற வேலையே மிச்சம். இது பாதுகாப்பு சமாச்சாரம், எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீட்டு ட்யூப் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பேரல் கொஞ்சம் நீளும், வாய்ப்பக்கம் கொஞ்சம் கனம் ஏறும், பழைய உறை பத்தாம போகலாம், அதை மட்டும் யோசிச்சுக்கோங்க.

சுத்தம் பண்றது பத்தி. தோட்டாக்குள்ள ரவையைத் தாங்கற பிளாஸ்டிக் குப்பி ஒன்னு இருக்கும், வாட்னு சொல்லுவாங்க, அது ஒடுக்கத்துல உரசும்போது சாம்பல் கலர்ல கோடு கோடா ட்யூப் உள்ளுக்குள்ள ஒட்டும். அதுக்குமேல கரி, ஈயம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூணு ட்யூபையும் ஒரு ஊறுகாய் பாட்டில்ல போட்டு ஹாப்பீஸ் 9னு துப்பாக்கி சுத்தம் பண்ற திரவத்தை ஊத்தி மூடி வச்சிருவேன், வாழைப்பழம் அழுகின மாதிரி ஒரு வாசம் வரும், பால்கனியில வச்சுக்குங்க. அரை மணி நேரம் கழிச்சு வெண்கல பிரஷ்ல உள்ள பத்து இழு, மரைக்கு டூத்பிரஷ். இரும்பு பிரஷ், சமையல்கட்டு ஸ்டீல் நார் எதுவும் வேண்டாம். அப்பறம் சொட்டுகூட இல்லாம துடைச்சுக் காயவிடணும், பழைய பனியன் துணிதான் இதுக்கு உத்தமம். துடைச்ச துணியில கறுப்பு வராம வர்ற வரைக்கும் விடமாட்டேன்.

காஞ்சதுக்கப்பறம் மரைக்கு கிரீஸ். சாதா துப்பாக்கி எண்ணெய் போட்டா சூட்டுல கருகி அதுவே பசையாயிரும், ஆன்டி சீஸ்னு மரை பிடிக்காம இருக்கறதுக்குன்னே வர்ற கிரீஸ், இல்ல சோக் ட்யூபுக்குன்னே விக்கற கிரீஸ் போடணும். எவ்வளவுன்னா ஒரு அரிசி. நிஜமாவே ஒரு அரிசி அளவு, அதை விரல்நுனியில எடுத்து மரை சுத்தி தடவினா மரை லேசா மங்கலாத் தெரியணும், பிதுங்கக்கூடாது. ஜாஸ்தி போட்டா வெளிய வழிஞ்சு மணலையும் கரியையும் இழுத்து வச்சுக்கும். இந்த ஊர் காத்துல ஈரம் கடல்கரை மாதிரி, பேரல் மரைலயும் அதே அரிசி அளவு தடவிட்டு ட்யூபை மாட்டியே வைக்கணும், திறந்து வச்சா ஒரே வாரத்துல செம்மண் கலர் வந்துரும்.

ரெண்டு வருஷமா இப்படித்தான். இன்னைக்கும் மூணு ட்யூபும் டிக்னு இறங்கி ரெண்டு விரல்ல போகுது. கீழ்பேரல்ல அந்த அரிப்பு இருந்த கடைசி மரைகூட மேற்கொண்டு மோசமாகல.

எந்த சைஸ் வாங்கறதுன்னு கேக்கறவங்களுக்கு. ஸ்போர்ட்டிங் கிளேஸ்ல தட்டு கிட்டக்கவும் வரும், தூரத்துலயும் போகும், இம்ப்ரூவ்டு சிலிண்டரும் லைட் மாடிஃபைடும் இருந்தா நூத்துக்கு தொண்ணூறு ஸ்டேஷன் சமாளிக்கலாம். ஸ்கீட் ட்யூப் ரொம்பக் கிட்டக்க தரையில உருண்டு ஓடற, முயல்னு சொல்ற தட்டுக்கு. ஒலிம்பிக் ட்ராப் வேற மாதிரி, சுடறவங்களுக்கு 15 மீட்டர் முன்னாடி பள்ளத்துல இருந்து தட்டு வெளிய ஓடும், அதுக்கு இறுக்கமான சோக் வேணும். நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல சுட்டது அந்த ட்ராப்தான், அதுக்கு முந்தின வருஷம் ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல ட்ராப் டீம் தங்கமும் வாங்கினார். டிவியில அவர் சுடறதைப் பாத்தப்ப தட்டு ஓடற வேகத்தையும் தூரத்தையும் பாத்து அசந்துட்டேன், 24 கிராம் தோட்டாவுல அதை உடைக்கறாங்க.

வாத்து சுடறவங்க ஒன்னு கவனிக்கணும். அமெரிக்காவுல 1991-ல இருந்து நாடு முழுக்க வாத்துக்கும் கூஸுக்கும் ஈய ரவை கூடாது, ஸ்டீல் மாதிரி விஷமில்லாத ரவைதான். ஈயம் நசுங்கிக் குடுக்கும், ஸ்டீல் குடுக்காது. ட்யூப் மேல ஸ்டீலுக்கு ஆகும்னு எழுதியிருக்கான்னு பாக்காம ஃபுல் சோக்ல ஸ்டீல் போடாதீங்க, மாடிஃபைடுக்கு மேல இறுக்கமே வேண்டாம்.

மறுபடி வாங்குவேனான்னு கேட்டா, போன மாசமே வாங்கிட்டேன், இன்னொரு இம்ப்ரூவ்டு சிலிண்டர், ரெண்டு பேரல்லயும் ஒன்னா போட்டு ஒரு மாசம் சுட்டுப் பாக்கலாம்னு. காரைக்குடி அண்ணனும் ஒன்னு ஆர்டர் பண்ணியிருக்கார், கூடவே ஒரு டப்பா கிரீஸும் டூத்பிரஷும் நானே வாங்கி அவர் பையில போட்டுட்டேன்.